இருபத்தெட்டுக்கு ஒன்றரை

கொங்கு நாட்டில் எந்தச் சைக்கிள் கடைக்குப் போய், "இருபத்தெட்டுக்கு ஒன்றரை ஒண்ணு குடுங்க" என்று கேட்டாலும், கடைக்காரர் மேலே தொங்கும் வளையங்களிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிடுவார். என்ன கம்பெனி சைக்கிள் என்றுகூடக் கேட்க மாட்டார். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ராலே, ஹீரோ, அட்லஸ், எதுவானாலும் பெரிய சைக்கிள் என்றால் அளவு பெரும்பாலும் அதுதான். பால் கேன் கட்டியவர், வாழைத்தார் கட்டியவர், மில்லுக்கு ஷிப்ட் போனவர், பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போன வாத்தியார், எல்லாருக்கும் ஒரே டயர். தேர்வு என்ற பேச்சே கிடையாது.

அதே ஊரில் இன்று ரோட் பைக் வாங்கும் சரவணம்பட்டி ஐடி ஆள் முன்னால் 700×23, 700×25, 700×28, 700×32 என்று ஒரு வரிசை நிற்கிறது. அதற்குள் கம்பி விளிம்பா, மடக்கும் விளிம்பா. ட்யூப் உண்டா, ட்யூப்லெஸ்ஸா. நூல் எண்ணிக்கை 30ஆ, 60ஆ, 120ஆ என்று கிளைகள். விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி, ஒற்றை டயரே ஐயாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சிறுவாணி ரோட்டு டீக்கடையில் ஹெல்மெட்டோடு நிற்கும் கூட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் அத்தனை பதில்களுக்கும் அடியில் ரொம்ப காலம் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: மெல்லிசு வேகம், அகலம் மந்தம். மெல்லிய டயர் பந்தயக்காரனுக்கு, அகலமான டயர் பால்காரருக்கு. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது என்று தெரிந்துகொண்டால் டயர் வாங்கும் வேலை பாதி முடிந்தது என்பது என் கட்சி.

*

டயர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் அர்த்தம் ரப்பர் அல்ல, இரும்பு. உடுப்பு என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. மரச் சக்கரத்துக்கு உடுத்திவிடும் இரும்புப் பட்டையை அப்படிச் சொன்னார்கள். கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வறட்டி நெருப்பில் பட்டையைக் காய்ச்சி, விரிந்த பட்டையைச் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அந்த உடுப்பு சக்கரத்தைக் காப்பாற்றும். வண்டியையோ ரோட்டையோ மாட்டையோ அது காப்பாற்றாது.

காற்றை உடுத்தலாம் என்று முதலில் யோசித்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845இல் காப்புரிமை வாங்கி, குதிரை வண்டிகளில் மாட்டியும் காட்டினார். யாரும் வாங்கவில்லை, உலகம் மறந்தே போனது. 43 வருஷம் கழித்து, பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் அதிர்வதைக் குறைக்க ரப்பர் குழாயில் காற்றடைத்து, துணியைச் சுற்றி ஒட்டி அதே சங்கதியை மறுபடி கண்டுபிடித்தார். அந்தக் காப்புரிமை 1888. தாம்சன் ஏற்கெனவே செய்துவிட்டார் என்பது தெரியவந்து, அது பிறகு செல்லாமல் போனது வேறு கதை.

நமக்கு வேண்டியது அடுத்த வருஷம் நடந்தது. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லி ஹியூம் என்ற உள்ளூர் வீரர் டன்லப் டயர் மாட்டிய சைக்கிளோடு வந்தார். மற்றவர்களிடம் இருந்தது விரல் கனத்தில் கெட்டி ரப்பர். இவர் சக்கரம் உப்பிப்போய் இருந்தது. கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றது, ஹியூம் ஜெயித்திருந்தார். ஆக, காற்று டயர் விளையாட்டுக்குள் வந்ததே அகலமான, கேலிக்கு ஆளான, வேகமான டயராகத்தான்.

1888ஆம் வருஷத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூரின் முதல் நூற்பாலையான கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார். பெல்ஃபாஸ்ட்டில் காற்று, கோவையில் நூல், சிங்கப்பூரில் ரப்பர். இந்த மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. கோவை நூல் டன்லப் டயருக்குள் போனது என்று சொல்ல வரவில்லை. ஆனால் டயர் என்பது இந்த மூன்றும் சேர்ந்த பொருள்தான். விலைப் பட்டியலில் நாம் படிக்கும் எண்கள் எல்லாமே இவற்றில் ஏதோ ஒன்றைப் பற்றியவை.

*

நூலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அது நம்மூர்ப் பாடம்.

டயரின் வலு ரப்பரில் இல்லை. உள்ளே இருக்கும் துணியில் இருக்கிறது. ரப்பர் தரையைப் பிடிக்கவும் தேயவும் மேலே பூசியது. முதல் டயர்களில் சாதாரணக் கித்தானை வைத்தார்கள். கித்தானில் பாவும் ஊடும் மேலும் கீழுமாகப் பின்னிக்கிடக்கும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரையில் படும் இடம் நசுங்கி நிமிரும். அப்போது அந்த நூல்கள் ஒன்றையொன்று ரம்பம்போல அறுக்கும், சூடாகும், மிதிக்கும் பலத்தைத் தின்னும். 1890களின் தொடக்கத்தில் ஜான் பால்மர் என்ற அமெரிக்கர் ஊடையை எடுத்துவிட்டார். இழைகள் ஒரே திசையில் பக்கம் பக்கமாக ஓடும் ஓர் அடுக்கு; அதன் மேல் எதிர்த்திசையில் இன்னோர் அடுக்கு; இரண்டுக்கும் நடுவே ரப்பர். நூல் நூலைத் தொடாது. இன்றைய சைக்கிள் டயரும் அடிப்படையில் அதேதான்.

பட்டியலில் 'டிபிஐ' என்று போட்டிருப்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது. 40ஆம் கவுண்ட், 60ஆம் கவுண்ட் என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்ளும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவுண்ட் ஏறினால் நூல் மெலியும், துணி நெகிழும், விலை ஏறும், முரட்டுத்தனம் குறையும். 30 பக்கம் இருந்தால் சாக்கு. 60 என்றால் தினப்படி வேட்டி. 120க்கு மேல் போனால் கல்யாண வேட்டி. இத்தாலியின் விட்டோரியா இன்றும் 320 இழைப் பருத்தித் துணியில் கோர்சா டயர்களைச் செய்கிறது. மில்கார வீட்டுப் பிள்ளைகள் ஏமாறக் கூடாத ஓர் இடமும் இங்கே உண்டு. சில கம்பெனிகள் ஓர் அடுக்கை மட்டும் எண்ணும்; சில கம்பெனிகள் எல்லா அடுக்கையும் கூட்டிச் சொல்லும். ஜெர்மனியின் கான்டினென்டல் 330 என்று போட்டால், அது 110 இழை கொண்ட மூன்று அடுக்கு. கவுண்டைக் கேட்கும்போது மடிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரப்பர் பற்றிய பகுதி சுலபமாக எழுத வருவதில்லை. டன்லப்புக்குப் பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்த 1890களில் தோட்ட ரப்பர் இன்னும் சந்தைக்கு வரவில்லை. காட்டில் பிடுங்கித்தான் தர வேண்டும். ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப் பிரதேசத்தைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்கள் கிராமத்துக்கு இவ்வளவு ரப்பர் என்று அளவு வைத்தார்கள். தராத ஊரில் பெண்களைப் பிணை பிடித்தார்கள், சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை 1904இல் வெளிவந்த பிறகுதான் உலகம் வாய் திறந்தது. 1908இல் அரசரிடமிருந்து அந்த நாடு பிடுங்கப்பட்டது. பாரிஸில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் விட்ட ஒருவரின் சக்கரத்துக்குக் கீழே இதுவும் இருந்தது.

ரிட்லி செய்தது மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்தது. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகளின் வாரிசுகள் அப்போது கியூ தோட்டம், இலங்கை வழியாக சிங்கப்பூர் வந்திருந்தன. மலாயா முழுக்க ரப்பர் ஏறியது. அதற்குக் கை வேண்டும். கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போனார்கள். சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல்லும் அதில் அடக்கம். நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் டயர் என்ற பொருளைச் சக்கரத்தில் பார்ப்பதற்கு முன்பே மரத்தில் பார்த்துவிட்டார்கள்.

இந்தியாவில் வணிகத் தோட்டம் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கியது. இப்போதும் கேரளத்து ரப்பர் ஷீட்டுகளும் பால் பீப்பாய்களும் வாளையாறு தாண்டி நம் பக்கமாகத்தான் வடக்கே போகின்றன.

*

டயருக்கு அகலம் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? என் பதில்: ரோடு. கொங்கு நாட்டுக்கு அந்த 28×1½ எப்படிப் பொருந்தியது என்று பார்த்தால் இது தெரியும்.

இங்கிலீஷ்காரர்கள் அந்த அளவை நமக்காகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் கிராமத்துப் பாதிரியாரும் போலீஸ்காரரும் ஓட்டிய ரோட்ஸ்டர் வண்டியின் அளவு அது. 1949இல் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குடும்பம் சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியபோது அதே வடிவம் இங்கேயே உருவாக ஆரம்பித்தது. ஆனால் கோவைப் பக்கத்தில் அதற்கு முன்பே சைக்கிள் இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் பெருகி, சங்கு ஊதும் நேரத்துக்கு உள்ளே நிற்க வேண்டிய தொழிலாளி என்ற புது மனுஷன் உண்டானபோது, சைக்கிளுக்கு வேலை வந்துவிட்டது. சங்குக்கு மாட்டு வண்டியில் போக முடியாது.

அவர்கள் போன வழி என்ன? ஊருக்கு வெளியே தார் என்பது அபூர்வம். ஜல்லி பரப்பி உருளை ஓட்டிய ரோடு, அதை இரும்புப் பட்டை வண்டிகள் இரண்டு கோடாக அறுத்துப் போட்டிருக்கும். அதை விட்டால் இட்டேரி. கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இரண்டு பக்கமும் வேலி கட்டிய, ஒரு வண்டி போகிற அளவுக்கான மண் பாதை இட்டேரி. தோட்டத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து சந்தைக்கு என்று இந்தப் பிரதேசத்தின் நரம்பு மாதிரி ஓடியது அது. வேலி என்றால் கல் வேலி அல்ல, கிளுவை. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றி முள் கிளுவையை நட்டு வளர்த்திருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், காங்கயம் மாடுகளும். மாட்டை உள்ளே வைக்கும் வேலி சைக்கிள் டயரையும் விட்டுவைக்காது. கிளுவை, வெள்வேல், பிற்காலத்தில் சீமைக் கருவேலம், தரையோடு தரையாக நெருஞ்சி. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயர் வைத்துத் திட்டும் முள் வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான்.

இந்தப் பாதைக்கு என்ன டயர் வேண்டும் என்று ஓர் இன்ஜினியரை உட்காரவைத்துக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் அகலம், காற்றழுத்தம் குறைவு, மேல் ரப்பர் கனம், எந்தக் கடையிலும் ஒட்டக்கூடிய சாதாரண ட்யூப். 28×1½ என்பதன் அகலம் 38.1 மி.மீ. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ரிம் விட்டம் 25 அங்குலம், மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை, மொத்தம் 28. பேரிலேயே வடிவமைப்பு இருக்கிறது.

மாட்டு வண்டியிலும் இதே மாற்றம் நடந்தது. 'டயர் வண்டி' வந்ததும் அதே ஜோடி மாடு அதிகப் பாரம் இழுத்தது, ரோடு அறுபடுவது குறைந்தது. பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி 1970களில் மாட்டு வண்டியைப் பெரிய ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டபோது பலர் சிரித்தார்கள். சக்கரத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பது பெல்ஃபாஸ்ட்டோடு முடியவில்லை போல.

*

அப்புறம் மெல்லிசு எங்கிருந்து வந்தது?

பந்தயத்திலிருந்து. அதுவும் உடனே அல்ல. 1891இல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் நடந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர். ஜெயித்த ஷார்ல் தெரோன் ஓட்டியது மிஷெலின் சகோதரர்களின் புது டயரில். இரண்டாவதாக வந்த ழியேல்-லாவால் ஓட்டியது டன்லப்பில். இடையே பல மணி நேர வித்தியாசம். டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டியது. பஞ்சரானால் பிரித்து ஒட்டிக் காயவைக்க வேண்டும். மிஷெலினுடையதைக் கழற்றி மாட்டலாம். டயர் வரலாற்றின் முதல் பெரிய நெடுந்தூரப் பாடம் வேகத்தைப் பற்றியதே அல்ல, பஞ்சர் ஒட்டும் நேரத்தைப் பற்றியது. அந்த ஓட்டம் இன்று போட்டியாக இல்லாமல், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை 90 மணி நேர வரம்போடு நடக்கிறது. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கில் போகிறார்கள். அதற்குத் தகுதி பெற ஓட்டும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்கள் கோவையிலிருந்தும் நடக்கின்றன.

ஐரோப்பிய ரோடுகளில் தார் ஏற ஏற டயர் மெலிந்தது. 1980களில் பந்தய டயர்கள் 20 மி.மீ. பக்கம் வந்துவிட்டன. இதற்கு விஞ்ஞானமும் சாட்சி சொன்னது. சோதனைச் சாலையில் வழவழப்பான எஃகு உருளை மேல் டயரை ஓட்டி, உருளும் தடையை அளந்தார்கள். காற்றை ஏற்ற ஏற எண் குறைந்துகொண்டே வந்தது. அகலமான டயரில் அவ்வளவு காற்று அடிக்க முடியாது. காரணம் எளிது: டயர் துணி மேல் விழும் இழுவிசை, அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வருவது. 23 மி.மீ. டயர் 120 பிஎஸ்ஐ தாங்கும், 38 மி.மீ. தாங்காது. ஆகவே மெல்லிசே வேகம், முடிந்தது தீர்ப்பு. ஓட்டுபவர்களும் ஒத்துக்கொண்டார்கள். உடம்பெல்லாம் அதிர்ந்தால் வேகமாகப் போவதுபோலத்தானே இருக்கும்.

என் தொழிலில் இதற்குப் பழகிய பெயர் உண்டு. டெஸ்ட் என்விரான்மென்ட்டில் எல்லாம் பச்சை, புரொடக்ஷனில் போட்டதும் சிவப்பு. எஃகு உருளையில் குண்டு குழி இல்லை, அதன் மேல் ஆளும் இல்லை. உண்மையான ரோட்டில் கெட்டியான டயர் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. தூக்குவதற்கான சக்தி நம் காலிலிருந்து போகிறது; தசையிலும் குடலிலும் சூடாகிக் கரைகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' பத்திரிகையின் ஆசிரியர் யான் ஹைனே, 2000களின் நடுவிலிருந்து ஆளை உட்காரவைத்து நிஜ ரோட்டில் அளக்க ஆரம்பித்தார். முடிவு: காற்றை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் பலன் இல்லை, கரடுமுரடில் நஷ்டம், நெகிழ்வான துணியில் செய்த அகலமான டயர் மெல்லிய டயருக்குச் சளைத்ததல்ல. முதலில் சிரித்தார்கள் (இங்கேயும்தான்). பிறகு பந்தயக் குழுக்களே 23ஐ விட்டு 25, அதை விட்டு 28, இன்று 30 பக்கம் வந்து நிற்கின்றன.

இன்னொரு சாட்சி அந்த '700சி' என்ற பெயரிலேயே ஒளிந்திருந்தது. 700 என்பது சக்கரத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். பழைய பிரெஞ்சு முறையில் ஏ, பி, சி என்பன அகலத்துக்கு. ஏ மெல்லியது, சி அகலமானது. டயர் அகலமாக அகலமாக ரிம்மைச் சின்னதாக்கி, மொத்தம் 700 வரும்படி வைத்தார்கள். 700சி ரிம்மின் விட்டம் 622. அது 700 ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 39 மி.மீ. டயர் வேண்டும். அதாவது, பந்தயச் சைக்கிளின் சக்கரம் பிறக்கும்போதே நம் பால்காரர் டயரின் அகலத்துக்குப் பிறந்தது. அதில் 23 மாட்டினால் 668தான் வரும். பெயர் மட்டும் 700. நம் 28×1½ ரிம்மின் விட்டம் 635. பிரெஞ்சுப் பட்டியலில் அதற்குப் பெயர் 700பி. இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள்.

*

இனி கடைக்குப் போகலாம்.

முதலில் எடை. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால் பின்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 50 கிலோ, அதாவது 110 பவுண்டு. 110 பிஎஸ்ஐ அடித்தால் தரையைத் தொடும் பரப்பு ஒரு சதுர அங்குலம், தபால் தலை அளவு. 55 அடித்தால் இரண்டு தபால் தலை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மழையில் இறங்கும்போது உங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தபால் தலைதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசிகளிலும் அப்படியே. ஏறும்போது எல்லா டயரும் ஒன்றுதான், இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். டயரில் வெட்டுக்கோடுகள் இருந்தால் ஈரத்தில் பிடிக்கும் என்பது கார் கதை. சைக்கிள் போகும் வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கும் ஆபத்தே இல்லை. வழுவழு டயரை நம்பி வாங்கலாம்.

அகலம்: சைக்கிள் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமாக. பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் 25ஓ 28ஓதான் நுழையும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் 32 போகும். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அவினாசி ரோடு, பைபாஸ் மட்டும் என்றால் 28 தாராளம். தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, அன்னூர் என்று உள்ரோடுகளில் சுற்றுபவருக்கு 32. மிச்சமிருக்கும் இட்டேரிகளில் ஆசை இருந்தால் 38, 40. இதற்குத்தான் இப்போது 'கிராவல் பைக்' என்று பேர் வைத்து லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள். நம் தாத்தா ஓட்டியது அதுதானுங்க, கியர் மட்டும் இல்லை.

காசு குறைவு என்றால் எங்கே மிச்சம் பிடிப்பது? மடக்கும் விளிம்புக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம்; கம்பி விளிம்பு சில பத்து கிராம் கனம், அவ்வளவே. 60 இழையில் நடுத்தர டயர் ஒன்று, சாதாரண பியூட்டைல் ட்யூப். பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அது தேய்ந்ததும், முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள்; முன்சக்கரம் வழுக்கினால் விழாமல் தப்பிப்பது கஷ்டம். கையில் ஐயாயிரம் இருந்து, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விலை உயர்ந்த டயருக்கு முன் அழுத்தமானி உள்ள நல்ல நிற்கும் பம்பு ஒன்றை வாங்குங்கள். எழுபது கிலோ ஆள் 28 மி.மீ. டயரில் பின்னால் 75, முன்னால் 65 என்று தொடங்கி, தன் ரோட்டுக்கு ஏற்ப ஐந்து ஐந்தாகக் கூட்டிக் குறைக்கலாம். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதை அடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

காற்று விஷயத்தில் கோவைக்கு ஒரு பாத்தியதை உண்டு. எல்ஜி எக்விப்மென்ட்ஸ் 1960இல் இங்கே தொடங்கிய கம்பெனி. தமிழ்நாட்டில் எத்தனையோ டயர் கடைகளின் மூலையில் தடதடக்கும் கம்ப்ரசரில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதே குடும்பத்தின் எல்ஜி ரப்பர், தேய்ந்த லாரி டயருக்கு மறுபடி மேல்தோல் போடும் ரீட்ரெடிங் தொழிலில் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியால் வாழும் ஊர்களுக்கு நடுவே இது ஆச்சரியம் இல்லை. அந்த லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உள்ளிருக்கும் மயிரிழை எஃகுக் கம்பிகள் ரோட்டோரத்தில் படிகின்றன. கிளுவை முள்ளின் வேலையை சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் இப்போது இந்தக் கம்பிகள்தான் செய்கின்றன. முள்ளைப்போலக் கண்ணில் படாது. டயரைக் கழற்றியதும் உள்ளே விரலால் தடவிப் பார்க்காமல் புது ட்யூப்பைப் போட்டால், அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்க வேண்டும். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயர் கொஞ்சம் மந்தம்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் நெடுந்தூரம் போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். ட்யூப்லெஸ்ஸில் உள்ளே ஊற்றும் பால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும், முள்ளுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று, பட்டியலில் யாரும் போடாதது: வால்வு. ரோட் பைக் ட்யூப்பில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா. தாராபுரம் தாண்டி ஒரு கிராமத்துக் கடையில், எதையும் ஒட்டிக் கொடுக்கக்கூடிய ஒரு பெரியவர் என் ட்யூப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஞ்சர் ஒட்டிரலாமுங்க தம்பி, ஆனா இந்த மவுத்துக்கு நம்மகிட்ட காத்து இல்லீங்க" என்றார். விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் எந்தக் கம்ப்ரசரிலும் காற்று பிடிக்கலாம். அதை ட்யூப்போடு சேர்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்ரசரில் அடிக்கும்போது விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்; மெல்லிய ட்யூப் கண் மூடித் திறப்பதற்குள் வெடிக்கும்.

தாத்தாவின் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து, அதற்கு இந்தப் புதிய, நெகிழ்வான 38 மி.மீ. டயர்களைப் போடலாமே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அகலம் சரிதான். ஆனால் அவை எல்லாம் 622 ரிம்முக்குச் செய்தவை. அவர் சக்கரம் 635. பதின்மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது. அந்த அளவில் ஜெர்மனியின் ஷ்வால்பே, டெல்டா குரூசர் என்று ஒரு டயர் செய்கிறது, அங்கே பழைய டச்சு மாடல் சைக்கிள்களுக்காக. இங்கே, கடையில் மேலே தொங்கும் அதே கறுப்பு வளையம்தான்.